எளிய ஆங்கிலம்: ‘ஒன்லி’ என்ற சொல்லை எங்கே வைப்பது?

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தில் அடிக்கடி வந்து விழும் சொல் ‘ஒன்லி’. “ஐ ஆம் ஃப்ரம் நாகர்கோவில் ஒன்லி”, “ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி” என்று சரளமாகச் சொல்கிறோம். சின்னச் சொல்தான். ஆனால் வேலைக்கான நேர்காணலிலும் வளைகுடா நிறுவனம் தரும் ஒப்பந்தத் தாளிலும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருளே மாறிவிடுகிறது. மாணவர்களும் வெளிநாட்டு வேலைக்கு முயல்வோரும் இந்தப் பாடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

தவறு எங்கிருந்து வருகிறது?

தமிழில் ‘மட்டும்’, ‘தான்’ ஆகியவை தாம் சேரும் சொல்லுக்குப் பின்னால் வரும். “வாப்பா மட்டும்”, “நேற்றுதான்” என்கிறோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘ஒன்லி’யைப் பின்னால் ஒட்டிவிடுகிறோம். மலையாளத்தில் ‘மாத்ரம்’, ‘தன்னெ’, இந்தியில் ‘ஹீ’ ஆகியவையும் இப்படிப் பின்னால்தான் வரும். ஆகவே மலையாளியும் இந்திக்காரரும் நாம் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள். மற்ற நாட்டு அதிகாரி அப்படிப் புரிந்துகொள்ள மாட்டார்.

முந்தைய வேலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், “அக்கவுண்ட்ஸ்தான் பார்த்தேன்” என்ற எண்ணத்தில் “ஐ டிட் அக்கவுண்ட்ஸ் ஒன்லி” என்கிறோம். கேட்பவர் காதில் அது “அக்கவுண்ட்ஸ் தவிர வேறு எதுவும் செய்ததில்லை” என்று விழும். நம் தகுதியை நாமே குறைத்துச் சொன்னதாகிவிடும். “ஐ டிட் அக்கவுண்ட்ஸ்” என்றாலே போதும்.

முதல் விதி

எந்தச் சொல்லுக்கு ‘மட்டும்’ சேர்க்க நினைக்கிறோமோ, அதற்கு நேர் முன்னால் ‘ஒன்லி’யை வையுங்கள். கீழ்க்கண்ட மூன்று வாக்கியங்களிலும் அது இடம் மாறுவதைப் பாருங்கள்.

1. “ஒன்லி தி கம்பெனி பேஸ் ஃபார் தி டிக்கெட்.” டிக்கெட் செலவு கம்பெனியுடையது மட்டுமே. நாம் தர வேண்டியதில்லை.

2. “தி கம்பெனி பேஸ் ஒன்லி ஃபார் தி டிக்கெட்.” கம்பெனி டிக்கெட்டுக்கு மட்டுமே பணம் தரும். மற்றச் செலவுகளைத் தருவதாக இதில் சொல்லவில்லை.

3. “தி கம்பெனி பேஸ் ஃபார் தி டிக்கெட் ஒன்லி ஆஃப்டர் டூ இயர்ஸ்.” இரண்டு ஆண்டு முடிந்த பின்னரே டிக்கெட் கிடைக்கும். இடையில் ஊருக்கு வந்தால் செலவு நம்முடையது.

ஆகவே ஒப்பந்தத்தில் ‘ஒன்லி’ என்ற சொல்லைக் கண்டால், அது எந்தச் சொல்லோடு சேர்கிறது என்று பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. ஐயம் இருந்தால் விவரம் அறிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாம் விதி

‘தான்’ வரும் இடத்திலெல்லாம் ‘ஒன்லி’ வராது. “நான் நாகர்கோவில்தான்” என்பதில் ‘தான்’ வெறும் அழுத்தம். “வேறு இல்லை” என்று சேர்த்துப் பார்த்தால் பொருந்தவில்லை. எனவே “ஐ ஆம் ஃப்ரம் நாகர்கோவில்” என்று நிறுத்திக்கொள்ளலாம். “நேற்றுதான் வந்தேன்” என்பதில் “அதற்கு முன் இல்லை” என்ற பொருள் இருக்கிறது. எனவே “ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே” சரி.

“இதைச் செய்தது யார்?” என்று கேட்டால் “ஐ ஒன்லி” என்பது பிழை. “ஐ டிட்” என்பதே பதில்.

‘ஒரே’ என்ற பொருளிலும் ‘ஒன்லி’ வரும். “ஹீ இஸ் ஆன் ஒன்லி சைல்ட்” என்றால் பெற்றோருக்கு அவன் ஒரே பிள்ளை. “ஹீ இஸ் ஒன்லி எ சைல்ட்” என்றால் அவன் சின்னப் பிள்ளைதானே என்று பொருள்.

பேச்சிலும் எழுத்திலும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேசும்போது பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னால் ‘ஒன்லி’யை வைத்துவிட்டு, குரல் அழுத்தத்தால் பொருளைக் காட்டுவார்கள். “ஐ ஒன்லி ட்ரிங்க் டீ” என்பது அப்படித்தான். ஹென்றி ஃபௌலர் 1926-இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு நூலில் இந்த இயல்பான வழக்குக்கு ஆதரவாகவே எழுதினார். ஆனால் காகிதத்தில் குரல் கேட்காது. விண்ணப்பம், கடிதம், ஒப்பந்தம் ஆகியவற்றில் முதல் விதியைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

கடைசியில் வரும் ‘ஒன்லி’

சில அறிவிப்புகளிலும் படிவங்களிலும் ‘ஒன்லி’ கடைசியில் வருவது முறையானதே. அவற்றின் பொருளை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

“ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி”: மருந்துப் புட்டியில் இப்படி இருந்தால் வெளியே பூசுவதற்கு மட்டும். குடிக்கக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

“ஃபார் ஆஃபீஸ் யூஸ் ஒன்லி”: படிவத்தில் இந்தப் பகுதியை அலுவலகத்தார் நிரப்புவார்கள். நாம் எதுவும் எழுதக் கூடாது.

“ருபீஸ் ஃபைவ் தவுசண்ட் ஒன்லி”: காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி ‘ஒன்லி’ என்று முடிப்பது, அதன் பின்னால் வேறு யாரும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தொகையைக் கூட்டிவிடாமல் இருக்கத்தான். தமிழில் எழுதினால் “ரூபாய் ஐயாயிரம் மட்டும்”.

“அக்கவுண்ட் பேயீ ஒன்லி”: காசோலையின் மூலையில் இரு கோடுகளுக்கிடையே இப்படி எழுதியிருந்தால், பெயர் குறிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கில் மட்டுமே பணம் சேரும். கவுண்டரில் ரொக்கமாகத் தரமாட்டார்கள். கல்வி உதவி, மருத்துவ உதவிக் காசோலை பெறுவோர், காசோலையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளவும்.

பயிற்சி

விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

1. நான் நேற்றுதான் விண்ணப்பித்தேன்.
2. வாப்பா மட்டும் துபாயில் இருக்கிறார்.
3. இந்த பஸ் தக்கலை வரை மட்டும் போகும்.
4. நான் குளச்சல்தான்.

விடைகள்

1. ஐ அப்ளைட் ஒன்லி எஸ்டர்டே.
2. ஒன்லி மை ஃபாதர் இஸ் இன் துபாய்.
3. திஸ் பஸ் கோஸ் ஒன்லி ஆஸ் ஃபார் ஆஸ் தக்கலை.
4. ஐ ஆம் ஃப்ரம் குளச்சல். (இங்கே ‘ஒன்லி’ வேண்டாம்.)

தினமும் ‘மட்டும்’ வரும் இரண்டு தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எதை மட்டும்? அந்த விடைக்கு முன்னால்தான் ‘ஒன்லி’க்கு இடம்.