பழைய மோட்டார் வண்டியில் புரொப்பெல்லர் தண்டின் அதிர்வு

அம்பாசடர் வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்ட போதிலும் அவ்வண்டிகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்புறமுள்ள எஞ்சினின் ஆற்றலைப் பின் அச்சிற்குக் கொண்டு செல்வது, அடியில் நீண்டு கிடக்கும் புரொப்பெல்லர் தண்டு. பின் அச்சு மேலும் கீழும் அசைவதால் தண்டின் இரு முனைகளிலும் கிராஸ் எனப்படும் சிலுவை இணைப்பு வைத்திருக்கிறார்கள்.

வண்டி அதிர்ந்தால் உடனே எதையும் கழற்ற வேண்டுவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் அதிர்வதாகக் கொள்வோம். அதே வேகத்தில் மேல் கியரிலும், அதற்கு அடுத்த கியரிலும் ஓட்டிப் பார்க்க. இரண்டிலும் அதிர்வு ஒன்றுபோல் இருப்பின் குற்றம் எஞ்சினில் இல்லை. சக்கரம் அவ்வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 8 முறை சுழலும்; தண்டு அதனினும் ஏறத்தாழ 4 மடங்கு விரைவாகச் சுழலும். ஆகவே சக்கரத்தின் அதிர்வு ஸ்டீயரிங்கில் நடுக்கமாகத் தோன்றும். தண்டின் அதிர்வோ தரையிலும் இருக்கையிலும் ரீங்காரம்போல் உணரப்படும்.

இனி, வண்டியின் கீழே பார்க்கலாம். ஜாக்கியை மட்டும் நம்புதல் கூடாது. அச்சின்கீழ் ஸ்டாண்டு நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே உள்ளே நுழைக. முதலில் தண்டில் ஒட்டிய சேற்றைச் சுரண்டி எடுக்க வேண்டும். இது அற்பமன்று. மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தொலைவில் ஒட்டிய 30 கிராம் சேறு, நிமிடத்திற்கு 2,000 சுற்றில், ஏறத்தாழ 5 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் தண்டை இழுக்கிறது. வேகம் இரட்டித்தால் விசை 4 மடங்காகும்.

அடுத்து, கிராஸின் இருபுறக் கவைகளையும் பற்றி எதிரெதிராகத் திருகுக. ஆட்டமோ, ஓரங்களில் சிவந்த துருப்பொடியோ காணப்பட்டால் கிராஸை மாற்றியே ஆக வேண்டும். முன் கிராஸ் முறிந்தால் தண்டின் முனை சாலையில் ஊன்றி வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும்.

புதிய கிராஸ் போட்டபின் அதிர்வு மிகுந்தால் கவைகளின் நிலையை நோக்குக. (ஆங்கிலத்தில் இவ்வுறுப்பை நுகம் என்பர், வடிவத்திற்குக் கவை என்பதே பொருந்தும்.) கோணத்தில் இயங்கும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கோணம் 10 பாகையாயின் இம்மாறுபாடு இருபுறமும் ஏறத்தாழ 1.5 சதவீதம். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நின்று, இரு கோணங்களும் சமமாக இருந்தால் பின் கிராஸ் இதனைச் சரிசெய்துவிடும். சறுக்கு இணைப்பைப் பிரித்து, ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால் சரிசெய்யாது. பிரிக்குமுன் இரு பகுதிகளிலும் உளியால் அடையாளமிடாமையே பெரும்பாலும் இதற்குக் காரணம். பின்முனையை அச்சுடன் பிணைக்கும் போல்ட்டுகளையும் பழைய துளைகளிலேயே பூட்டுக.

இவையனைத்தும் சரியாயிருந்தும் அதிர்வு நீங்காவிடில், தண்டு வளைந்தோ சமநிலை இழந்தோ இருக்கலாம். அதனைக் கழற்றிச் சமநிலைப் பொறியுள்ள பட்டறைக்கு அனுப்புக.