ஜாதி நாய்க்குட்டி வாங்குமுன் தாயைப் பாருங்கள்

நாமக்கல், ராசிபுரம், பரமத்திவேலூர் வட்டாரங்களில் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் உழவர்கள் ஏராளம். ஆட்டுப் பட்டி, மோட்டார் கொட்டகை, கோழிப்பண்ணை ஆகியவற்றின் இரவுக் காவலுக்கு நாய்தான் துணை. காவலுக்குச் சாதாரண நாட்டு நாயே போதுமானது. எனினும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற ஜாதி நாய்களை விலை கொடுத்து வாங்கி வளர்க்கும் ஆர்வம் இப்போது பெருகியுள்ளது.

இவ்வாறு வாங்கிய குட்டி ஒரே வாரத்தில் இரத்தக் கழிச்சல் கண்டு இறந்துவிடுவதுண்டு. ஆறு மாதம் சோறு போட்டு வளர்த்த பிறகு, அதற்குக் காது கேட்காது என்று தெரிய வருவதும் உண்டு. காது கேளாத நாய் பட்டிக்கு எப்படிக் காவல் இருக்கும்? குட்டியின் அழகை மட்டும் பார்த்து, அதை ஈன்ற தாயையும் வளர்த்தவரையும் பாராமல் வாங்குவதே இத்தகைய இழப்புக்குப் பெரும்பாலும் காரணம். விதை வாங்கும்போது மூட்டையில் சான்று அட்டை உள்ளதா என்று பார்க்கிறோம். கறவை மாடு வாங்கும்போது ஈத்து, பால், சுழி எல்லாம் விசாரிக்கிறோம். நாய்க்குட்டிக்கும் அதே விசாரணை வேண்டும்.

நம் நாட்டு இனங்கள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய மூன்றும் ஊர்ப் பெயராலேயே வழங்கும் இனங்கள். இவற்றைப் பாதுகாக்கும் பொருட்டு 1980-81ஆம் ஆண்டில் கால்நடை பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005இல் ராஜபாளையம் நாயின் படத்துடன் அஞ்சல் தலை வெளியாயிற்று. 2020இல் ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் தனி இனங்களாக, கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள அமைப்பு பதிவு செய்தது.

முன்பு இக்குட்டிகள் பெரும்பாலும் உற்றார் உறவினருக்கும் தெரிந்தவர்களுக்குமே கை மாறின. தாய் யார், தகப்பன் யார் என்பது வாங்குபவருக்குத் தெரியும். இன்று முகம் தெரியாத வியாபாரியிடம் தொலைபேசியில் பேசிக் குட்டியை வரவழைக்கிறோம். எனவே, முன்பு பழக்கத்தால் தெரிந்ததை இப்போது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளை நிறமும் செவிட்டுத் தன்மையும்

பால் போன்ற வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் ராஜபாளையம் நாயின் பெருமை. ஆனால் அந்த வெள்ளையிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கு இல்லாவிடில், ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் அழிந்துவிடும். இதற்கு மருந்தில்லை. இது பரம்பரையாக வரும் குறை. ஆகவே செவிட்டு நாயையும், செவிட்டுக் குட்டிகளை ஈன்ற ஜோடியையும் மீண்டும் இனப்பெருக்கத்திற்கு விடக்கூடாது.

குட்டிக்குக் காது கேட்கிறதா என்பதை வாங்கும் இடத்திலேயே ஓரளவு சோதிக்கலாம். கூட்டத்தில் இருக்கும்போது சோதித்தால் பயனில்லை. மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். ஆகவே குட்டியைத் தனியே பிரித்து, அதன் கண்ணுக்குப் படாமல் பின்புறம் நின்று, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டவும். காற்று அதன் மேல் படக்கூடாது, தரையும் அதிரக்கூடாது. சற்று இடைவெளி விட்டு நாலைந்து முறை செய்து பார்க்கவும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இச்சோதனையில் தப்பிவிடும். அதைக் கண்டறிய, ஒலிக்கு மூளை தரும் எதிர்விளைவை அளக்கும் கருவி தேவை.

உறவுக்குள் இணை சேர்த்தல்

ஒரே கிடாவை ஆண்டுக்கணக்கில் பட்டியில் வைத்திருந்தால், அது தன் குட்டிகளுடனேயே சேரும். பிறக்கும் குட்டிகள் நோஞ்சானாகும். இதனால்தான் கிடாவை மாற்றச் சொல்கிறோம். நாய்க்கும் இதே நியதிதான். அண்ணன் தங்கை, தகப்பன் மகள் என்று இணை சேர்த்தால், இரத்தத்தில் மறைந்து கிடக்கும் குறைகள் வெளிப்படும். 'சுத்த இரத்தம்' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், தாயும் தந்தையும் என்ன உறவு என்று கேளுங்கள்.

இந்தியக் கென்னல் சங்கத்தின் பதிவுச் சான்று இருந்தால் குட்டியின் வம்சாவளியை அறியலாம். ஆனால் அது உடல்நலச் சான்று ஆகாது. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

வளர்ப்பவரிடம் கவனிக்க வேண்டியவை

1. குட்டியைத் தாயுடன் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தாயைக் காட்டாமல் சாலையோரத்திலோ பேருந்து நிலையத்திலோ குட்டியை ஒப்படைப்பவரிடம் வாங்க வேண்டாம்.

2. தாய் மிரண்டு ஒதுங்குகிறதா, காரணமின்றிப் பாய்கிறதா என்று பாருங்கள். குணமும் ஓரளவு பரம்பரையாக வரும்.

3. தாயின் வயதையும் எத்தனையாவது ஈத்து என்பதையும் கேளுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் விடாமல் சினைப்படுத்தினால் தாய் மெலியும்; குட்டிகளும் வலுவிழக்கும்.

4. கூண்டு, தண்ணீர்த் தொட்டி, தரை ஆகியவை சுத்தமாக உள்ளனவா என்று பாருங்கள். பல இனக் குட்டிகளை ஒரே இடத்தில் குவித்து வைத்திருப்பவர் பெரும்பாலும் வாங்கி விற்கும் தரகராகவே இருப்பார்.

5. 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

6. நல்ல வளர்ப்பாளர் உங்களையும் கேள்வி கேட்பார். 'தோட்டத்தில் கோழி, ஆடு உண்டா? நாயை எங்கே கட்டுவீர்கள்? ஓட இடம் உண்டா?' என்று விசாரிப்பார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்கென வந்த இனங்கள். ஓடும் உயிரைத் துரத்தும் இயல்புடையவை. சிறு வயதிலேயே ஆடு கோழிகளுடன் பழக்காவிடில் தொல்லை தரும். இதை மறைக்காமல் சொல்பவரே நம்பத்தக்கவர்.

7. பிறந்த தேதி, பெற்றோர் விவரம், விலை ஆகியவற்றை எழுதி ரசீது வாங்குங்கள். மருத்துவப் பரிசோதனையில் குறை தெரிந்தால் குட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் அதிலேயே எழுதி வாங்குவது நல்லது.

வயதும் தடுப்பூசியும்

8 வாரம் நிறையாத குட்டியை விற்பதை மேற்சொன்ன விதிகள் தடை செய்கின்றன. தாயுடனும் கூடப் பிறந்தவற்றுடனும் இருக்கும் அந்த நாட்களில்தான் குட்டி, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவைக் கற்றுக்கொள்கிறது. '30 நாள் குட்டி, நன்றாகப் பழகிவிடும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

குடற்புழு நீக்க மருந்து 2 வார வயதிலிருந்தே தொடங்கப்பட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி போட வேண்டும். பின் 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில் அவசியம். தீவன மூட்டைகளும் எலிகளும் உள்ள பண்ணைகளில் எலிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் மருத்துவரைக் கேட்கவும். 'ஊசி எல்லாம் போட்டாயிற்று' என்ற வாய்ச்சொல் போதாது. மருந்துக் குப்பியின் வில்லை ஒட்டி, மருத்துவர் கையொப்பமிட்ட அட்டை வேண்டும்.

உங்கள் தோட்டத்து மண்

பழியெல்லாம் விற்பவர் மீதே என்று இருந்துவிடக் கூடாது. பார்வோ நச்சுயிரி மண்ணில் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். உங்கள் இடத்தில் முன்பு ஒரு நாய் இரத்தக் கழிச்சலால் இறந்திருந்தால், அதன் பாத்திரம், சங்கிலி, படுக்கை ஆகியவற்றைப் புதுக் குட்டிக்குத் தராதீர்கள். சாதாரண சோப்புக்கு இந்நச்சுயிரி அழியாது. சிமெண்டுத் தரையை முதலில் கழுவிச் சுத்தம் செய்து, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவவும். மண் தரையை இவ்வாறு முழுமையாகச் சுத்தம் செய்ய இயலாது. தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியை அவ்விடத்தில் விடாமல் வேறிடத்தில் வைத்து வளர்ப்பதே பாதுகாப்பு.

குட்டி வந்த ஓரிரு நாளில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைப் பிரிவிலோ காட்டுங்கள். வாந்தி, சோர்வு, துர்நாற்றமுள்ள கழிச்சல் கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

நல்ல வளர்ப்பாளரிடம் எப்போதும் குட்டி இருக்காது. அடுத்த ஈத்து வரை காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு உங்கள் வாசலில் காவல் இருக்கப்போகும் உயிருக்காகச் சில மாதம் பொறுப்பது பெரிதல்ல.