வாயில்லா ஜீவன்களின் ஹக்கு

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது குடவாசல் கடைத்தெருவில் சற்று நேரம் நின்று பாருங்கள். கிடாவின் நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஸ்கூட்டரின் முன்பலகையில் குறுக்காகப் போட்டுக்கொண்டு ஒருவர் போவார். ஆட்டின் தலை ஒரு பக்கம் தொங்கும். பின்னால் ஒரு வேன் வரும். அதில் ஆட்டின்மேல் ஆடாக அடைத்திருப்பார்கள். இவர்களில் யாரும் கல்நெஞ்சர்கள் அல்லர். ஸுப்ஹுக்குப் பள்ளிக்கு வருகிறவர்கள், கடன் வாங்கியேனும் நல்ல கிடாவாகத் தேடுகிறவர்கள். கத்தி வைக்கும்போது பிஸ்மியும் தக்பீரும் சொன்னால் போதும், அதற்கு முன்பு நடப்பதெல்லாம் வெறும் போக்குவரத்து என்று எண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அன்புச் சகோதரர்களே, மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

குர்பானிக்கு ஆகாத பிராணிகளைப் பற்றி பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வெளிப்படையான ஒற்றைக்கண், வெளிப்படையான நோய், வெளிப்படையான நொண்டி, மஜ்ஜை வற்றிய மெலிவு ஆகிய நான்கும் கூடாது. சந்தையில் இதையெல்லாம் நாம் கவனமாகவே பார்க்கிறோம். ஆட்டை நடக்கவிட்டுப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறோம். அப்படிப் பார்த்து வாங்கிய ஆட்டைத்தான் கயிற்றால் இறுக்கி, காலைச் சுளுக்க வைத்து வீட்டில் இறக்குகிறோம்! ஹனஃபி சட்டப்படி, வசதியுள்ளவர் நல்ல பிராணியாக வாங்கியிருந்தாலும், அறுக்குமிடத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பே அது இத்தகைய ஊனத்துக்கு ஆளாகிவிட்டால் வேறு ஒன்று கொடுத்தாக வேண்டும். ஆகவே இது இரக்கப்படுவதோடு முடிகிற விஷயமல்ல. உங்கள் குர்பானியே நிறைவேறுமா என்கிற விஷயம்.

அறுப்பைப் பற்றி ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் இருக்கிறது. எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதியாக்கியிருக்கிறான், அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு நிம்மதி கொடுக்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஒருவர் ஆட்டைப் படுக்க வைத்துவிட்டு அதன் கண்ணெதிரே கத்தி தீட்டுவதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதை இரண்டு தடவை சாகடிக்கப் பார்க்கிறாயா என்று கண்டித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதும் உண்டு. நம்மிடம் நடப்பதென்ன? ஒரே கொல்லையில் பத்து ஆட்டை வரிசையாகக் கட்டி, ஒன்றின் இரத்தத்தை மற்றொன்று மிதிக்க அறுக்கிறோம். ஒரு படுதாவைக் குறுக்கே கட்ட எவ்வளவு செலவாகும்? முந்தின இரவு ஒரு வாளித் தண்ணீர் வைக்க எவ்வளவு செலவாகும்?

“நமக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறதே” என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. 1960-ம் வருடத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, எந்தச் சமூகத்தாரும் தங்கள் மதம் வேண்டும் முறையில் ஒரு பிராணியைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. ஆனால் அந்த விலக்கு கத்திக்குத்தான். வழியில் கட்டித் தூக்கிப் போவதற்கும், தண்ணீரில்லாமல் அடைத்து வைப்பதற்கும் அது பொருந்தாது. அவை அதே சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றங்கள். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. என்றோ எழுதிய தொகை. ஐம்பது ரூபாய்க்கு யார் அஞ்சுவார்கள்? நமக்குக் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகத்துக்கு உரியவளானாள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிற செய்தி.

இனி, ஆட்டை விட்டு மாட்டுக்கு வருவோம். நம் கீழத்தஞ்சைச் சேற்றுக்கென்றே பிறந்தது உம்பளச்சேரி மாடு. சிவப்பாகப் பிறக்கும் கன்று சில மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும். நடவு வயலில் இடுப்பளவு உளையிலும் சளைக்காது. டிராக்டர் வந்தபின் இவற்றுக்கு வேலை போயிற்று. என் உறவினர் ஒருவர் கேட்டார்: “பதினைந்து வருடம் உழைத்த காளை. இப்போது ஒரு காசு வரும்படி இல்லை. வைக்கோல் விற்கிற விலையில் இதற்குத் தீனி போட எனக்குக் கடமையா?”

கடமைதான். மனைவி மக்களுக்கு நஃபகா இருப்பதுபோல் பிராணிக்கும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர், ஹிஜ்ரி 660-ல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயன் தராமற் போனாலும் அதற்குத் தீனி கொடுப்பது அவற்றுள் முதலில் வருகிறது. சக்திக்கு மீறிச் சுமத்தாதிருப்பதும், குட்டியை அதன் கண்முன் அறுக்காதிருப்பதும் அதே பட்டியலில் உண்டு. உடையவன் தீனி போட மறுத்தால், போடு, அல்லது விற்றுவிடு, உண்ணத்தக்கதானால் அறுத்துவிடு என்று காழி அவனைக் கட்டாயப்படுத்தலாம் என்பது ஷாஃபிஈ சட்டம். ஹனஃபிகளில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களும் கட்டாயப்படுத்தலாம் என்றே சொல்கிறார்கள். மத்ஹபின் பிரதான கருத்துப்படி காழி தலையிடமாட்டார், ஆனால் அல்லாஹ்விடத்தில் அவன் குற்றவாளி. எனக்கு இரண்டாவதுதான் அதிக அச்சம் தருகிறது.

நம் மாநிலத்தில் 1958-ம் வருடத்துச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடென்று சான்று பெற்ற பிறகே அறுக்க முடியும் என்பதையும் உறவினருக்குச் சொன்னேன். பட்டினி போட்டு ‘தானாகச் சாகட்டும்’ என்று விடுவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இந்த மாட்டைப் பற்றி இன்னொன்று. கன்றாயிருக்கும்போதே கொம்பைச் சுட்டுக் களைவதும், காதை நறுக்குவதும், உடம்பில் சூடு போடுவதும் நம் பக்கத்து வழக்கம். முகத்தில் சூடு போட்ட கழுதையைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முகத்தில் அடிப்பதும் விலக்கப்பட்டதே. கால்நடைகளின் காதைக் கிழிக்கத் தூண்டுவது ஷைத்தானின் வேலை என்று திருமறையின் ‘அந்நிஸா’ அத்தியாயம் 119-வது வசனம் குறிப்பிடுகிறது. அது மூடநம்பிக்கையால் செய்யப்பட்டதைக் கண்டிப்பது. அடையாளத்துக்காக முகமல்லாத இடத்தில் சூட்டுக்குறி இட அனுமதி உண்டு. ஸகாத் ஒட்டகங்களுக்கு நாயகம் (ஸல்) அவர்களே இட்டதை அனஸ் (ரலி) அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் இன்று கால்நடைத் துறையார் பன்னிரண்டு இலக்க எண்ணோடு காதில் வில்லை போட்டுவிடுகிறார்களே! அடையாளத் தேவை தீர்ந்தபின், ‘பார்வைக்கு நன்றாயிருக்கும்’ என்று இரும்பைக் காய்ச்சுவதற்கு என்ன ஆதாரம் காட்டுவோம்? கொம்பு களையவேண்டிய அவசியமே இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்.

வெயில் காலத்தில் வண்டி மாடு வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டக்கூடாது, ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று 1965-லேயே அரசாங்கம் விதி செய்திருக்கிறது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் மதீனாவில் ஓர் அன்ஸாரியின் தோட்டத்தில் நாயகத்தைக் கண்டு கண்ணீர் விட்டது ஓர் ஒட்டகம். அதைத் தடவிக் கொடுத்து, அதன் சொந்தக்காரரான வாலிபரை அழைத்து, நீ இதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக என்னிடம் முறையிடுகிறது என்றார்கள் என அபூதாவூதில் வருகிறது.

பசு வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு மஸ்அலா. கன்றுக்குப் போதுமான பாலை மடியில் விட்டுத்தான் கறக்கவேண்டும். கன்றுக்குத் தீங்கு வருமளவு ஒட்டக் கறப்பது கூடாது. கறக்கப் போகுமுன் நகத்தை வெட்டிக்கொள்ளவேண்டும், காம்பில் கீறக்கூடாதல்லவா? இதையும் ஹதீஸிலிருந்து எடுத்துத்தான் சட்ட நூலார் எழுதி வைத்திருக்கிறார்கள்.