எந்தப் பாட்டுக்கு முதலிடம்?

அன்புள்ள ஜெசிந்தா,



பங்கின் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டதாக நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஊர்த் திருவிழாத் திருப்பலிக்காக வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல் என நான்கையும் புதிதாகப் பழகுகிறீர்களாம். "அத்தை, இந்த நாலுல எதுக்கு அதிக நேரம் ஒதுக்கணும்?" என்று கேட்டிருக்கிறாய். பதில் உனக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அவற்றில் மூன்று கடைசி வரிசையில் நிற்பவை. நான்காவதுக்கு வரிசையிலேயே இடமில்லை.

நானாகச் சொல்லவில்லை. 1967 மார்ச் 5 அன்று உரோமை வெளியிட்ட ‘மூசிக்காம் சாக்ரம்’ என்ற வழிபாட்டு இசை ஏடு, திருப்பலியில் பாட வேண்டியவற்றை மூன்று படிகளாக வகுக்கிறது. குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்பவை முதல் படி: தொடக்க வாழ்த்து, நற்செய்தியின்போது வரும் மறுமொழிகள், தொடக்கவுரை, அதைத் தொடரும் ‘தூயவர்’, நற்கருணை மன்றாட்டின் இறுதிப் புகழுரை, இயேசு கற்றுத்தந்த செபம். இரக்கம் வேண்டும் மன்றாட்டு, வானவர் கீதம், நம்பிக்கை அறிக்கை, ‘செம்மறி’ ஆகியவை இரண்டாம் படி. வருகை, காணிக்கை, திருவிருந்துப் பாடல்கள் மூன்றாம் படிக்குப் போகின்றன. பதிலுரைப் பாடலும் அல்லேலூயாவும் அங்கேதான். முதல் படியை மட்டும் பாடினாலும் போதும். முதல் படியை விட்டுவிட்டு மற்ற இரண்டைப் பாடக்கூடாது என்கிறது அந்த ஏடு.

நம் பங்குகளில் நடப்பதை யோசித்துப் பார். வருகைப் பாடலுக்கு மூன்று வார ஒத்திகை. ‘தூயவர்’ வந்தால் ஏதோ ஒரு மெட்டு. புகழுரைக்கு மக்கள் சொல்லும் ஆமென் முணுமுணுப்பு. ஏணி தலைகீழாக நிற்கிறது. திருப்பலியின் நடுவே நாம் பாடிக்கொண்டிருக்கிறோம், திருப்பலியைப் பாடுவதில்லை.

இந்த வரிசை ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். 386ஆம் ஆண்டு மிலான் நகரில் பேரரசனின் தாய் யுஸ்தீனா, ஆயர் அம்புரோசிடமிருந்து ஒரு கோவிலைப் பறித்து ஆரியுசு என்பவரின் கொள்கையைப் பின்பற்றிய பிரிவினருக்குக் கொடுக்க முயன்றார். மக்கள் கோவிலை விட்டு வெளியேறாமல் இரவும் பகலும் உள்ளேயே இருந்தார்கள். அவர்கள் சோர்ந்துவிடாதபடி, கிழக்கத்திய திருச்சபைகளின் வழக்கப்படி திருப்பாடல்களையும் பாக்களையும் எல்லோரும் சேர்ந்து பாட அம்புரோசு ஏற்பாடு செய்தார். இதை நமக்குச் சொல்பவர் புனித அகுஸ்தினார். அவருடைய தாய் மோனிக்காவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மேற்கத்திய திருச்சபையில் மக்கள் பாட்டு வேரூன்றியதில் அந்த முற்றுகைக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே தேர்ந்த குரல்கள் தேவைப்படவில்லை. அத்தனை பேரின் வாயும் தேவைப்பட்டது.

அதே அகுஸ்தினார் பின்னாளில் இசையைப் பற்றி மனம் இரண்டுபட்டார். கோவில் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டதை அவர் மறக்கவில்லை. ஆனாலும் பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் அசைத்துவிட்டால், அது பாவம் என்று தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில் எழுதிவைத்தார். பாட்டே வேண்டாம் என்று அவர் முடிவுகட்டவில்லை. சொல் முந்த வேண்டும், குரல் பிந்த வேண்டும் என்றார். பின்வந்த நூற்றாண்டுகளில் வழிபாட்டு இசை பற்றி எழுந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் அளவுகோலைச் சுற்றியே நடந்தன.

கிரகோரியன் பாடலை எடுத்துக்கொள். திருத்தந்தை முதலாம் கிரகோரியார் 604இல் இறந்தவர். அவர் பெயரைத் தாங்கிய பாடல்களோ பெரும்பாலும் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பிராங்கு நாடுகளில் உருப்பெற்றவை. துணைக்கு வாத்தியம் இல்லாத ஒற்றைக் குரல் மெட்டு அது. அதன் நுட்பத்தைப் பார்: சொற்கள் அதிகமுள்ள வானவர் கீதத்தில் அசைக்கு ஒன்றிரண்டு சுரங்கள்தான். சொல் குறைந்த அல்லேலூயாவிலோ கடைசி உயிரெழுத்து நம் வித்துவான்களின் அகாரம் போல நீண்டு விரிகிறது. செய்தி சொல்ல வேண்டிய இடத்தில் மெட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மகிழ வேண்டிய இடத்தில் சிறகு விரிக்கிறது.

பிறகு பல்குரல் இசை வந்தது. நான்கு, ஐந்து, ஆறு குரல்கள் ஒவ்வொன்றாக நுழைந்து ஒன்றன்மேல் ஒன்று பின்னும்போது கேட்பதற்கு அற்புதம்தான். ஆனால் ஒரு குரல் ஒரு சொல்லில் இருக்கும்போது இன்னொன்று வேறு சொல்லில் நிற்கும். கேட்பவர் காதில் ஓசைதான் மிஞ்சும். 1555இல் 22 நாள் மட்டுமே திருத்தந்தையாக இருந்த இரண்டாம் மார்செல்லுஸ், பெரிய வெள்ளியன்று பாடகர்களை அழைத்து, அந்த நாளுக்கு ஏற்றபடி பாடுங்கள், சொற்கள் கேட்கும்படி பாடுங்கள் என்று அறிவுறுத்தினார். அவர் பெயரில் இசையமைப்பாளர் பலஸ்திரீனா அமைத்த ஆறுகுரல் திருப்பலி இசை 1567இல் அச்சானது. திருச்சபையின் திரெந்து சங்கம் பல்குரல் இசையையே தடைசெய்ய இருந்ததாகவும், இந்த இசைதான் அதைக் காப்பாற்றியதாகவும் ஒரு கதை உண்டு. வரலாற்று ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அந்த இசை பாடம் சொல்வது உண்மை. வானவர் கீதத்திலும் நம்பிக்கை அறிக்கையிலும் குரல்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒரே அசையைச் சொல்கின்றன. சொல் குறைந்த இரக்க மன்றாட்டில்தான் தாராளமாகப் பின்னிக்கொள்கின்றன. கிரகோரியன் பாடலின் அதே கணக்கு!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியக் கோவில்களுக்குள் ஓபரா பாணி புகுந்தது. நம் ஊரில் சினிமா மெட்டு நுழைவது போலத்தான். 1903 நவம்பர் 22, இசையின் பாதுகாவலி புனித செசிலியா திருநாளில், திருத்தந்தை பத்தாம் பயஸ் அதற்கு எதிராக ஆணை எழுதினார். பாட்டின் நீளத்துக்காகக் குருவைப் பீடத்தில் காக்கவைக்கக்கூடாது என்றது அது. கூடவே பியானோவையும் முரசையும் விலக்கியது. பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை, மேல்குரலுக்குச் சிறுவர்களே போதும் என்றும் சொன்னது. அந்தச் சட்டம் நீடித்திருந்தால் நீ இந்தக் குழுவில் சேர்ந்திருக்க முடியாது. 1955இல் பன்னிரண்டாம் பயஸ் பெண்கள் பாட வழிவிட்டார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிரகோரியன் பாடலின் முதன்மையையும் குழல் ஆர்கனின் மதிப்பையும் நிலைநிறுத்தியபடியே, அந்தந்த மக்களின் இசை மரபுக்கும் உரிய இடம் தரச் சொன்னது. தமிழில் திருப்பலி பாடும் உன் குழுவில் தபலா ஒலிப்பதற்கு உரிமைச்சீட்டு அதுதான். வாத்தியம் மாறியது, பாடுபவர் மாறினர். சொல்லுக்கும் சடங்குக்கும் இசை பணிய வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

இனி உன் வேலைக்கு வருவோம். புதுப் பாட்டு வந்தால் முதலில் மெட்டில்லாமல் வரிகளைச் சத்தமாக வாசியுங்கள். குறில் நெடிலானால் பொருளே மாறும் மொழி நம்முடையது. மெட்டு குறிலை இழுக்கச் சொன்னால் மெட்டைத் திருத்துங்கள். மக்கள் பாட வேண்டிய பகுதிகளைச் சுருதி தாழ்த்தி வையுங்கள்; உன் குரலுக்கு எட்டுவது கடைசி வரிசையில் நிற்கும் தாத்தாவுக்கு எட்டாது. மக்கள் மெட்டைப் பிடித்துக்கொள்ளும் வரை ஒரே குரலில் பாடுங்கள், இரண்டாம் குரலை அதற்குப் பிறகு சேருங்கள். பதிலுரைப் பாடல் இறைவார்த்தை. அந்த இடத்தில் வேறு பாட்டைப் போடுவதற்கு விதிகள் இடம் தரவில்லை. தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது, வாத்தியமும் பாட்டைத் தாங்கும் அளவுக்கு மட்டும். நற்கருணை வாங்கி அமர்ந்த பிறகு வரும் மௌனத்தைக் கீபோர்டால் நிரப்பாதீர்கள்.

பாடகர் குழுவுக்கென்று தனியாக எதுவுமே இல்லையா என்று வருந்தாதே. பாடகர் குழுக்களை வளர்க்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லியிருக்கிறது. மக்கள் பாடும் பகுதிகள் மக்களிடமே இருக்கும் வரை, காணிக்கை நேரத்திலோ திருவிருந்து நேரத்திலோ ஒரு நல்ல பல்குரல் பாட்டை நீங்கள் மட்டும் பாடலாம். அதையும் நன்றாகப் பழகுங்கள்.

அடுத்த ஒத்திகைக்குப் போகும்போது உங்கள் பாடகர் குழுத் தலைவரிடம் ஒன்று கேள். திருவிழாவுக்குள் ‘தூயவர்’ ஒன்றையும் பெரிய ஆமென் ஒன்றையும் கோவில் முழுக்கப் பாடும்படி மக்களுக்குப் பழக்குவோமா என்று கேள். திருப்பலி தொடங்குமுன் ஐந்து நிமிடம் போதும். அந்த இரண்டும் நடந்துவிட்டால், நான்கு புதுப் பாட்டில் இரண்டைக் கைவிட்டாலும் திருவிழாவுக்கு ஒரு குறையும் வராது.

அன்புடன்,
அத்தை