பேசாப் படமொன்று புகட்டும் பாடம்

பேசாப் படங்களின் காலம் கழிந்துவிட்டது என்பர். அவற்றுட் சில இன்றும் பார்ப்போர் நெஞ்சைப் பிணிப்பது ஏன்? 1925 ஆம் ஆண்டு ஜேர்மனியில் வெளிவந்த 'வரியெட்டே' என்னும் படத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம். இதனை நெறிப்படுத்தியவர் டூப்பொன். ஒளிப்பதிவு செய்தவர் கார்ல் பிறொய்ண்ட். தலைமை நடிகர் எமில் யானிங்ஸ்.

முன்னாள் ஊஞ்சல் வித்தைக்காரனாகிய ஹூலர், ஹம்பேர்க் நகரில் வேடிக்கைக் கொட்டகை நடத்துகின்றான். ஆதரவற்று வந்த இளம்பெண் ஒருத்திபால் மயங்கி, மனைவியையும் குழந்தையையும் கைவிட்டுப் பேர்லின் செல்கின்றான். அங்கே ஆர்ட்டினெலி என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரன் இருவரையும் தன்னுடன் சேர்த்துக்கொள்கின்றான். பின்னர் அப்பெண்ணைக் கவர்கின்றான். ஹூலர் அவனைக் கொன்று சிறை புகுகின்றான்.

கதை எளியது, சொல்லும் முறையே அரியது. தொடக்கத்திற் கைதியின் முகம் தோன்றுவதில்லை. 28 என்னும் இலக்கம் பொறித்த முதுகே தோன்றுகின்றது. தளர்ந்த அம்முதுகே அவன் துயரைப் புலப்படுத்துகின்றது. எம் இலக்கணத்தார் கூறும் மெய்ப்பாடு இதுவன்றோ! வித்தை நிகழுங்கால் படக்கருவியும் ஊஞ்சலோடு ஆடுதலின், பார்ப்போர்க்கும் தலை சுழல்கின்றது.

அந்தரத்திற் பாய்பவன் ஆர்ட்டினெலி. அவனைப் பற்றுபவன் ஹூலர். வஞ்சகம் அறிந்தபின் ஹூலர் கையை நழுவவிட எண்ணுகின்றான்; பகைவன் வீழ்வதை மனக்கண்ணாற் காண்கின்றான். ஆயினும் அவன் கைகள் தவறாது பற்றுகின்றன. தன்னை நம்பிப் பாய்ந்தவனை விட்டுவிட அவன் தொழில் இடந்தரவில்லை. பேச்சின்றியே இப்போராட்டம் முழுவதும் எமக்கு விளங்குகின்றது.

அமெரிக்காவிற் காட்டப்பட்ட படிகள் பலவற்றில் ஹம்பேர்க் பகுதி வெட்டப்பட்டது. அதனால் அப்பெண் ஹூலரின் மனைவியாகவும், அவன் வஞ்சிக்கப்பட்ட கணவனாகவுமே தோன்றினர். 2015 ஆம் ஆண்டு செப்பனிடப்பட்ட படியிலோ அப்பகுதியும் உண்டு. அதனைக் காணுங்கால் எம் இரக்கம் மாறுகின்றது. பிறன் தனக்கு இழைத்த துரோகத்தை ஹூலர் தானே முன்னர் தன் மனைவிக்கு இழைத்திருந்தான். கைவிடப்பட்ட அவளுக்காக வழக்குரைப்பார் ஒருவருமிலர்.

மாணவர் இதனை உளங்கொள்க. கதையாயினும் வாழ்க்கையாயினும், முற்பகுதியை அறியாது ஒருவனைக் குற்றவாளி என்றோ குற்றமற்றவன் என்றோ தீர்ப்பளித்தல் தகாது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட இப்படம் இன்றும் எம்மை ஈர்ப்பது, அத்தீர்ப்பை எம்மிடமே விடுதலினாலாம்.