டிவி வாங்கப் போறீங்களா? அக்கா சொல்ற 7 டிப்ஸ்

விழுப்புரம் பக்கத்துல எங்க காணையில, தமிழக அரசு 2006-ல ஆரம்பிச்ச இலவச டிவி திட்டத்துல கிடைச்ச 14 இன்ச் பெட்டியில படம் பார்த்து வளர்ந்த பிள்ளைங்க, இன்னைக்குத் தனிக்குடித்தனம் வந்து ஃப்ளாட் டிவி வாங்குறாங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து, 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலேர்ந்து 18 ஆயிடுச்சு. அதனால பெருசாவே வாங்கலாம்னு ஆசை வரும். வாங்குங்க தங்கச்சிகளா, தப்பில்ல. ஆனா அந்த டிவி ஓடப்போறது விழுப்புரம் ஷோரூம்ல இல்ல, உங்க கூடத்துல. அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.

1. பேரைப் பார்த்து மலைக்காதீங்க

எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி மூணும் அடிப்படையில எல்சிடி திரைதான். பின்னாடி விளக்கு எரியும், முன்னாடி படம் தெரியும். கியூஎல்இடியில குவாண்டம் டாட்னு ஒரு அடுக்கு சேர்க்கிறதால கலர் தூக்கலா இருக்கும். மினி எல்இடியில பொடிப்பொடி விளக்குகளைப் பகுதி பகுதியா கூட்டிக் குறைக்கிறதால இருட்டுக் காட்சி நல்லா வரும். ஓஎல்இடி மட்டும் வேற ஜாதி. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். கறுப்புன்னா சுத்தக் கறுப்பு. பிளாஸ்மா டிவியைப் பெரிய கம்பெனிகள் 2014-லயே நிறுத்திட்டாங்க. பழசு மலிவா வருதேன்னு வாங்கிடாதீங்க.

2. கூடத்து வெளிச்சம்

நம்ம வீடுகள்ல வாசக்கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். அந்த வெளிச்சத்துக்கு எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி நல்லா ஈடுகொடுக்கும். நியூஸ் சேனலையே நாள் பூரா ஓட விடுற வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம். ஓரத்துல நிக்கிற லோகோ, கீழே இருக்கிற பட்டை எல்லாம் நாளாவட்டத்துல திரையில தழும்பா பதிஞ்சிடலாம்.

3. டேப் எடுத்து அளங்க

இன்ச் கணக்கு திரையோட மூலைக்கு மூலை அளவு. 43 இன்ச் டிவியோட அகலம் 3 அடிக்குக் கொஞ்சம் மேல. ஷோகேஸ்ல நுழையுமான்னு முதல்லயே பாருங்க. உட்கார்ற இடம் ஆறு அடி தூரம்னா 43, எட்டு ஒன்பது அடின்னா 55, சின்ன ரூமுக்கு 32.

4. என்ன பார்க்கப் போறீங்க?

கடையில ஓடுற டெமோ 4கே-ல எடுத்தது. அதுல எந்த டிவியும் அழகாத்தான் தெரியும். உங்க வீட்டுல சாதா கேபிள் பாக்ஸ்னா, 4கே டிவியில அந்தப் படம் கூர்மையாகிடாது, பெரிய திரையில இன்னும் கலங்கலாத் தெரியும். அதனால கடைக்காரர்கிட்ட, "அண்ணே, கேபிள்ல ஒரு சீரியல் போட்டுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. நெட்ல படம் பார்க்கிற வீடுன்னா 4கே எடுக்கலாம்.

5. பக்கவாட்டுல நின்னு பாருங்க

கடையில நேரா நின்னு மட்டும் பார்க்காதீங்க. ஓரமா தள்ளி நில்லுங்க, கீழே குந்தியும் பாருங்க. முகமெல்லாம் வெளுத்துத் தெரிஞ்சா, சுவரோரம் பாய் போட்டு உட்கார்ற பாட்டிக்கும் அப்படித்தான் தெரியும். எல்சிடி திரையில ஐபிஎஸ்னு ஒரு வகை பேனல், எந்தப் பக்கத்திலேர்ந்து பார்த்தாலும் படம் பெருசா மாறாது. விஏங்கிற இன்னொரு வகை நேரா உட்கார்ந்து பார்க்க நல்லா இருக்கும், கறுப்பும் ஆழமா வரும்.

6. கரண்ட் கணக்கு

பெட்டியில வாட்ஸ் போட்டிருக்கும். 80 வாட்ஸ் டிவி தினமும் ஆறு மணி நேரம் ஓடினா, ரெண்டு மாச பில்லுல சுமார் 29 யூனிட். ஸ்டார் லேபிளையும் பாருங்க. வோல்டேஜ் ஏறி இறங்குற தெருவுல ஸ்டெபிலைசர் கட்டாயம். இடி இடிச்சா பிளக்கோட கேபிள் வயரையும் கழட்டிடுங்க.

7. சர்வீஸும் டெலிவரியும்

ஸ்மார்ட் டிவின்னா 2 ஜிபி ரேம், 16 ஜிபி ஸ்டோரேஜ் கேளுங்க. அதுக்குக் குறைஞ்சா கொஞ்ச நாள்லயே திணறும். "மெக்கானிக் எங்க ஊருக்கே வருவாரா, பேனலுக்கு எத்தனை வருஷம் வாரண்டி?"ன்னு கேட்டு, பில்லுல எழுதி வாங்குங்க. வண்டியில பெட்டியைப் படுக்க வெச்சுக் கொண்டுவர விடாதீங்க, நிமிர்த்தித்தான் வரணும். வந்ததும் ஆளை அனுப்பிடாம, டிவியை ஓட விட்டு, வெள்ளைத் திரையில கோடோ கறையோ இருக்கான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கேபிளும் நெட்டும் கலந்து பார்க்கிற நாலஞ்சு பேர் குடும்பத்துக்கு, 43 இன்ச் 4கே எல்இடி, ஐபிஎஸ் பேனல் போதும். கையில கூட கொஞ்சம் இருந்தா கியூஎல்இடி. இஎம்ஐ-ன்னு சொல்லி அதுக்கு மேல ஏத்திவிடப் பார்த்தா, "வேண்டாம்ணே"ன்னு தைரியமா சொல்லுங்க. உங்க காசு, உங்க வீடு, முடிவும் உங்களோடதா இருக்கட்டும்.