கேட்பதும் ஒரு தொழில்

அந்தமானில் ஒரு காலத்தில் மர வேலை நிறைய இருந்தது. 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டக் கடும் கட்டுப்பாடு விதித்தது. மர ஆலைகளில் வேலை குறைந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. வயல்களில் கடல்நீர் புகுந்தது. பலர் வேறு தொழில் தேட வேண்டியதாயிற்று.

படித்துப் பழகினால் செய்யக்கூடிய ஒரு தொழில் சந்தை ஆய்வு.

சந்தை ஆய்வு என்றால் என்ன?

மக்கள் எந்தச் சோப்பு வாங்குகிறார்கள்? எவ்வளவு வாங்குகிறார்கள்? ஏன் வாங்குகிறார்கள்? இதை வீடு வீடாகவும் கடை கடையாகவும் கேட்டு எழுதுவதே சந்தை ஆய்வு.

சென்னையிலிருந்து இங்கே கப்பல் வர சுமார் 3 நாள் ஆகும். மக்களின் தேவை தெரியாமல் அனுப்பினால் சரக்கு தேங்கும். அல்லது தட்டுப்பாடு வரும்.

இங்கே வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு பேசுவோர் அருகருகே வாழ்கிறார்கள். இரண்டு மொழி தெரிந்தவருக்கு இந்த வேலை எளிது.

பயிற்சி எப்படி?

1. முதலில் படிப்பு. பெரும்பாலும் 10 அல்லது 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பெரியவர்களும் சேரலாம். அங்கே 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமமான படிப்பும் உண்டு. பிறகு 10, 12 எழுதலாம்.

2. அடுத்து களப் பயிற்சி. ஆய்வு நடத்தும் நிறுவனமே இதைத் தரும். கேள்வி கேட்கவும், பதிலைப் பதியவும் சொல்லித் தருவார்கள்.

3. மேலே படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. அதன் மண்டல மையம் போர்ட் பிளேரில் இருக்கிறது. 2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியது.

கேட்கும் முறை

"இந்த டீத்தூள் நன்றாக இருக்கிறது அல்லவா?" இப்படிக் கேட்கக் கூடாது. நம் எண்ணத்தை அவர் வாயில் திணிப்பது போலாகும்.

"இந்த டீத்தூள் எப்படி இருக்கிறது?" இதுவே சரி.

வீட்டில் உட்கார்ந்து நாமே பதில் எழுதக் கூடாது. மேற்பார்வையாளர் அந்த வீட்டாரிடம் மீண்டும் கேட்டுப் பார்ப்பார்.

கவனம்!

ஆய்வு நடக்கும் நாட்களில்தான் இந்த வேலை கிடைக்கும். அதனால் கையில் உள்ள வேலையை உடனே விட வேண்டாம். வேலை தருவதாகச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கூலி எவ்வளவு, எப்போது தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் 10 வீடுகளில் கேளுங்கள்: எந்த அரிசி வாங்குகிறீர்கள்? மாதம் எத்தனை கிலோ? பதில்களை எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கு உங்கள் ஊர்க் கடைக்காரருக்கு எப்படி உதவும்? கூடிப் பேசுங்கள்.